செவ்வாய்க்கிழமைத் தராசு: லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் லீ பஜார் மண்டிக்காரர்களுக்கும், செவ்வாய்ப்பேட்டை மளிகை, வெல்லம், வெள்ளிக் கடைக்காரர்களுக்கும், மூட்டை தூக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

அப்பா போன அன்று நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் ஊரே நெரிந்துகொண்டிருந்தது. அப்படியும் வந்தீர்கள். லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கிளம்பி வந்து, எங்கள் வாசலில் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மத்தியானம் வரை பாதி மண்டிகள் ஷட்டரைத் திறக்கவில்லை என்பதை அப்புறம்தான் சொன்னார்கள். தொண்ணூற்றிரண்டு வயது, கல்யாணச் சாவு என்று பலரும் தேற்றினீர்கள். உண்மைதான். ஆனாலும் காலையில் ஐந்து மணிக்கு அவருடைய இருமல் கேட்காத வீட்டில் அந்தச் சொல் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனபின், உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால் அவர் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பலருக்கு, சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற ஒரு கிழவராகத்தான் அவரைத் தெரியும். உங்கள் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் அவர் 'தராசுக்காரர்'. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

1933-ல் தாரமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கைத்தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் செவ்வாய்ப்பேட்டையில் தராசு செய்கிற ஒரு பட்டறையில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் வருடம் முழுக்கத் துருத்தி ஊதுவதும் கரி அள்ளுவதும்தான் வேலை. இரண்டாம் வருடம்தான் கையில் அரத்தைக் கொடுத்தார்கள். தராசுக் கோலின் நடுவில் கத்திமுனை ஒன்று இருக்கும். கோல் முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்து ஆடுகிறது. தட்டுகள் தொங்குகிற இரண்டு நுனியிலும் அப்படி ஒவ்வொரு முனை. இந்த மூன்றில் ஒன்று மழுங்கினாலும் தராசு மந்தமாகிவிடும். கூடுதலாகப் பத்து கிராம் வைத்தாலும் முள் அசையாது. "தராசு செத்துப்போச்சு" என்பார் அப்பா. நடு முனையிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் உள்ள தூரம் மயிரிழை வித்தியாசப்பட்டால் அது வேறு நோய். வெறும் தட்டில் முள் நேராக நிற்கும். எடை ஏற ஏறப் பொய் சொல்லும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரே வைத்தியம்தான். "மாத்திப் போடு" என்பார். கல்லை இந்தத் தட்டிலும் பொருளை அந்தத் தட்டிலும் வைத்துச் சமன் செய்ய வேண்டும். பிறகு இரண்டையும் தட்டு மாற்றி வைக்க வேண்டும். அப்போதும் முள் நடுவில் நின்றால் தராசு உண்மை. ஒரு பக்கம் சாய்ந்தால் கோல் கோணல். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். சமன்பாடு என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் அப்பாவின் தராசிலிருந்துதான் தொடங்கினேன். இந்தப் பக்கம் செய்ததை அந்தப் பக்கமும் செய் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் தொழில் கற்றபோது நம் பஜாரில் கிலோ கிடையாது. பலம், சேர், வீசை, மணங்கு. வெள்ளிக்குத் தோலா. தானியத்துக்குப் படி, வள்ளம். 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக மாற்றி, 1962 ஏப்ரலில் எடைக்குக் கிலோவைக் கட்டாயமாக்கினார்கள். அந்த நான்கு வருடமும் பட்டறையில் இரவு பகல் தெரியாத வேலை. பழைய கற்களைக் கழித்து, புதுக் கற்களுக்குத் தராசுகளைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1961-ல், அம்மாவின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போக, அப்பா சொந்தக் கடை திறந்தார். பத்துக்கு எட்டடி. கடைசி வரைக்கும் அதே கடைதான்.

கிலோ வந்த புதிதில் நடந்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வீசை என்பது 40 பலம், ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு, அதாவது 11 கிலோ 200 கிராம். வீசைக் கணக்கில் புளி வாங்கிப் பழகியவர்களிடம் சில கடைகளில் வீசை விலைக்கே கிலோவைக் கொடுத்து அனுப்பினார்கள். கால் பங்குக்கும் மேலே நஷ்டம், அது வாங்கியவருக்குத் தெரியவும் தெரியாது. அப்பா ஒரு தகரப் பலகையில் கணக்கை எழுதிக் கடை வாசலில் மாட்டினார். சந்தைக்கு வருகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது என்பது இரண்டாம் நாளே புரிந்தது. பலகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தராசைத் தொங்கவிட்டார். ஒரு தட்டில் பழைய வீசைக்கல். மறு தட்டில் ஒரு கிலோ கல்லும் இரண்டு இருநூறு கிராம் கற்களும். யாருக்கும் எதுவும் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி இருபது வருடம் கழித்தும் எங்கள் கடை வாசலில் நின்று, "வீசைக்கல்லு காட்டுன பையந்தான?" என்று கேட்டது எனக்கே நினைவிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது 1978-ல் நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டு வந்து கடையில் ரெஜிஸ்டர் எழுதுவது என் வேலை. எந்தக் கடையின் எந்தக் கல், என்ன பழுது, என்றைக்குத் திருப்பிக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும்; சட்டமும் அதைத்தான் கேட்கிறது. இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஈயம் இருக்கும். கல் தேய்ந்து எடை குறைந்தால் அப்பா ஈயம் சேர்ப்பார், கூடியிருந்தால் சுரண்டுவார். அப்புறம் அரசாங்கத்தின் எடையளவு ஆய்வாளர் சரிபார்த்து, அந்த ஈயத்தின் மேல் முத்திரை குத்துவார்: வருடத்தின் கடைசி இரண்டு எண்ணும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி-யில் ஓர் எழுத்தும்.

ஒரு சாயங்காலம் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரண்டு கிலோ கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடியில் ஈயத்தைக் காணவில்லை. எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. அப்பா குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். துரு. துருவைச் சுத்தமாகச் சுரண்டாமல் ஈயம் ஊற்றியிருக்கிறார், அதனால் பிடிக்கவில்லை. அந்தக் கல் வேலைக்கு வந்த வாரம் அவருக்குக் கடும் காய்ச்சல். முக்கால் தூக்கத்தில் வேலை செய்தது எங்களுக்குத் தெரியும். அவர் அந்தக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு கல்லு இப்படின்னா அந்த வாரத்துக் கல்லு எல்லாமே சந்தேகந்தான். எடு நோட்டை" என்றார்.

நாற்பத்து மூன்று கற்கள், பதினேழு கடைகள். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ஒன்பது. மற்றவை அம்மாப்பேட்டை, குகை, கிச்சிப்பாளையம், சூரமங்கலம். ஒன்று ஏற்காட்டில். நான் பெயர்களை வாசிக்க, அவர் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். பத்து நாள் சைக்கிளில் அலைந்தார். நாற்பத்து மூன்றில் நான்கு கற்களில் ஈயம் ஆடிக்கொண்டிருந்தது. நான்கையும் காசு வாங்காமல் திரும்பச் செய்து, முத்திரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொரு கடையிலும், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "என்னோட தப்பு, அதனால வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு கடைக்காரர், "இதெல்லாம் யாருப்பா கேக்கப் போறாங்க?" என்றாராம். "வாங்கிட்டுப் போனவங்க கேக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதே. அதான் நான் வந்திருக்கேன்" என்று இவர் சொன்னதை அந்தக் கடைக்காரரே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமைத் தராசு எப்படி வந்தது என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1983. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து புளி கொண்டுவந்த ஓர் அம்மா, எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஊரில் போட்டபோது இரண்டு மூட்டையும் சேர்த்து 122 கிலோ இருந்ததாம். மண்டியில் 114 என்று சீட்டு எழுதியிருந்தார்கள். அந்த மண்டியின் பெயர் இப்போது வேண்டாம். அந்த மண்டியும் இன்று இல்லை. மூட்டைகள் இன்னும் உள்ளே அடுக்கப்படாமல் வெளியில்தான் கிடந்தன. அப்பா ஆள் வைத்து எடுத்துவந்து எங்கள் மேடைத் தராசில் போட்டார். 121 கிலோவும் சொச்சமும். பெட்டியில் இருந்த இருபது கிலோ கற்களைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த மண்டிக்குப் போனார். தராசு மேடையின் நான்கு மூலையிலும் கல்லை வைத்துப் பார்த்தார். மூலைக்கு மூலை வேறு எடை. எதையோ அடைகொடுத்து வைத்திருந்தார்கள். "உன் வேலை ரிப்பேர் பண்றது. பஞ்சாயத்துப் பண்றது இல்ல" என்று அந்த முதலாளி சொன்னாராம். அந்த அம்மாவுக்குக் காசு கிடைத்தது. எங்களுக்கு அந்த மண்டியின் வேலையும், அந்த முதலாளியின் சொல்கேட்கிற ஐந்தாறு கடைகளின் வேலையும் இரண்டு வருடத்துக்கு நின்றது.

அந்த இரண்டு வருடம் அம்மா வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோத்தார். நானும் கோத்தேன். பக்கத்து வெள்ளிப் பட்டறைக்காரர் எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டு வாங்குவார். அந்தச் சின்னத் தராசும் அப்பா சரிசெய்ததுதான். தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டு முறை கைமாற்று வாங்கினோம். அப்பா ஒரு நாளும் அந்தப் புளிக்காரம்மாவைக் குறைசொல்லவில்லை. அம்மா சொன்னார், சத்தமாகவே சொன்னார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

மண்டிக்காரரோடு சண்டை போட்ட அடுத்த செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்னால், அப்பா மேடைத் தராசைக் கடைக்குள்ளிருந்து உருட்டிவந்து வாசலில் நிறுத்தினார். மேலே ஓர் அட்டை: "எடை சரிபார்க்க. காசு வேண்டாம்." செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை இது. வெளியூர்ச் சரக்கும் வெளியூர் ஆட்களும் அதிகம் வருகிற நாள் அதுதான் என்பதால் அந்த நாளைப் பிடித்தார். காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் வரை. விற்க வந்தவர், வாங்கிப் போகிறவர், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். நாற்பத்திரண்டு வருடம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். சந்தேகத்தோடு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மண்டி போட்ட எடைதான் சரியாக இருந்தது. சாக்கின் எடையை மறந்திருப்பார்கள். ஈரமாகப் போட்ட மஞ்சள் வருகிற வழியில் காய்ந்திருக்கும். மழைக்காலத்து வெல்லம் கசிந்திருக்கும். அதையும் அப்பா பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி அனுப்புவார். அதனால்தான் உங்களில் நல்லவர்கள், நீங்கள்தான் அதிகம் பேர், "சந்தேகம் இருந்தா தராசுக்காரர் கடைல போட்டுப் பாத்துட்டு வாங்க" என்று நீங்களே ஆட்களை அனுப்பினீர்கள். ஒரு சின்ன அட்டையும் ஒரு பழைய தராசும் எத்தனை வாய்ச்சண்டையை நிறுத்தியிருக்கின்றன என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

ஏற்காட்டையும் சொல்ல வேண்டும். காப்பித் தோட்டங்களின் தராசுகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை மேலே போவார். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி அடிவாரம் வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். பெட்டி கூரைமேல் ஏறும். இருபது கொண்டைஊசி வளைவிலும் அவருக்குக் கவலை பெட்டியைப் பற்றித்தான். அரைப்பரீட்சை லீவில் என்னையும் கூட்டிப்போவார். அவர் எங்களை வேறெங்கும் கூட்டிப்போனதில்லை. கடலை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் நான் உட்கார்ந்திருக்க, அவர் கொட்டகைக்குள் கோலைக் கழற்றி வைத்து அரம் போட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தமும், காயவைத்த காப்பிப் பழத்தின் புளித்த வாசமும்தான் எனக்கு ஏற்காடு.

தோட்டங்களுக்கு மின்னணுத் தராசு வந்தபோது ஒரு விஷயத்தை அவராகவே கண்டுபிடித்தார். கீழே, சேலத்தில், துல்லியமாகச் சரிசெய்து அனுப்பிய தராசு மேலே போனதும் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. திரும்பக் கீழே கொண்டுவந்தால் சரியாக இருந்தது. கம்பெனிக்காரரைக் கேட்டார், பதில் வரவில்லை. என்னிடம் கேட்டார். பள்ளிப் புத்தகத்தில் படித்ததை வைத்து நான் சொன்னேன்: ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறுக்கும் கீழே. மேலே போகப் போகப் பூமியின் இழுப்பு ஒரு துளி குறையும். தட்டுத் தராசில் கல்லுக்கும் பொருளுக்கும் சேர்ந்தே குறைவதால் வித்தியாசம் தெரியாது. மின்னணுத் தராசு இழுப்பைத்தான் அளக்கிறது, அதனால் தெரியும். ஐம்பது கிலோ மூட்டைக்குப் பத்து இருபது கிராம்தான் வரும். "பத்து கிராம்னாலும் அது யாரோ பறிச்ச பழம்" என்றார். அதற்குப் பிறகு மேலே போகிற எந்தத் தராசையும் கீழே சரிசெய்து அனுப்பியதில்லை. கற்களைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே வைத்துத்தான் சரிசெய்தார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது.

மின்னணுத் தராசு அவர் தொழிலை ஏறக்குறைய தின்றுவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்கப் புதுக் கோல் ஒன்றுகூட விற்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போனார். கூடப் படித்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பையன்கள். மின்னணுத் தராசுக்குள் எடையை உணர்கிற லோட் செல் என்றால் என்ன, எந்தக் கம்பி எதற்கு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். திரும்பி வந்து அந்த வேலையையும் செய்தார். ஆனால் ஒரு குறை அவருக்குக் கடைசி வரை தீரவில்லை. "பழைய தராசுல முள்ளை ரெண்டு பேரும் பாப்பாங்க, விக்கிறவரும் வாங்கறவரும். இதுல நம்பரை ஒருத்தர் பக்கம் திருப்பி வச்சிக்கிறாங்க" என்பார்.

அவர் நல்ல அப்பாவாக மட்டுமே இருந்தார் என்று நான் எழுதினால் அது சரியான எடை ஆகாது. பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்ததில்லை. தம்பிக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாளும் கடையை மூடவில்லை. அம்மா இறந்த நான்காம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, தராசை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவர் விளக்கமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்குள் கொஞ்சம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைச் சாயங்காலங்களில் கடையை எடுத்துவைத்துவிட்டு, தட்டுவடை செட் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வருவார், அம்மாவுக்குக் காரம் குறைவாக ஒன்று தனியாக. அதுவும் எனக்குள் இருக்கிறது.

இந்த ஆனியில் படுத்தார். ஒவ்வொரு செவ்வாயும் காலையில் ஒரே கேள்வி: "வெளிய போட்டாச்சா?" கடையில் உதவிக்கு இருந்த பையன் போட்டுவிட்டுப் போன் செய்வான். கடைசிச் செவ்வாய் அவருக்குப் பேச்சு வரவில்லை. பையன் போன் செய்தான். நான் அவர் காதில் சொன்னேன்.

சரி, இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கடை இருக்கிற கட்டடத்தை விற்கப் போகிறார்கள். அறுபது வருடத்துக்கும் மேலாக நியாயமான வாடகைக்குக் கொடுத்தவர்கள், அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. தைக்குள் காலி செய்ய வேண்டும். தம்பி ஓசூரில் இருக்கிறான், இந்தத் தொழிலுக்கு வரமாட்டான். முந்நூறு கிலோ மேடைத் தராசு ஒன்று, இருபது கிலோ இரும்புக் கற்கள் பத்து, வெள்ளிக் கடைகளுக்கான பித்தளைக் கல் செட் ஒன்று, மில்லிகிராம் தகடுகள், இவற்றை நாங்கள் பழைய இரும்புக்குப் போடமாட்டோம். உங்களுக்குக் கொடுக்கிறோம்.

உங்களில் சில பெரியவர்கள் அவற்றைச் சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அப்பா படத்துக்கு மாலை போடலாம் என்று அன்போடு சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். படத்தை நாங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். தராசு பஜாரில் இருக்கட்டும். மழை படாத ஓர் இடம், செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார ஓர் ஆள், அதே அட்டை. இவ்வளவுதான் வேண்டும். ஓர் ஆளுக்கு அரைநாள் கூலியை எண்பது கடைகள் பகிர்ந்தால் ஒரு கடைக்கு ஒரு டீக்காசுகூட ஆகாது. முதல் ஆறு மாதம் நானே வந்து உட்காருகிறேன். எனக்குத் தராசு பார்க்கத் தெரியும்.

கூடவே, இத்தனை வருடம் அவர் உங்களிடம் கடை கடையாகச் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். மின்னணுத் தராசின் எண்ணைச் சரக்குக் கொண்டுவந்தவரும் பார்க்கிற மாதிரித் திருப்பி வையுங்கள். மூட்டைக்குக் கழிவு பிடிப்பதாக இருந்தால் அதைச் சீட்டில் எழுதுங்கள். எழுதாமல் பிடிக்கிற ஒரு கிலோவுக்காக ஒரு குடியானவர் அடுத்த வருடம் வேறு ஊர் மண்டிக்குப் போவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். காலையில் முதல் மூட்டை ஏறுவதற்கு முன்னால் ஒரு கல்லை மேடையின் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வெள்ளிக் கடைக்காரர்கள் காற்றாடியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள். வெள்ளி இன்று விற்கிற விலைக்கு ஒரு கிராமும் சின்ன விஷயமில்லை, கொலுசு கொண்டுவந்து விற்கிறவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ ஸ்கூல் பீஸுக்கோதான் வந்திருப்பார். மூட்டை தூக்குகிற தம்பிகளே, மேடைமேல் மூட்டையைப் போடாதீர்கள், வையுங்கள். கீழே கத்திமுனை இருக்கிறது. ஒரு முறை விண்டால் அரம் போட்டுச் சரிசெய்ய இப்போது ஊரில் ஆள் இல்லை.

தராசும் கற்களும் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. ஐப்பசி முதல் செவ்வாய்க்கு முன்னால் ஒரு வண்டி அனுப்புங்கள். கற்கள் மட்டுமே இருநூறு கிலோ. மூன்று பேர் வந்தால் நல்லது. ரெஜிஸ்டர்கள் பத்தொன்பது இருக்கின்றன, அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடைப் பெயர்கள்தான் முழுக்க. மேடைத் தராசுக்கு வருடம் ஒரு முறை முத்திரை, கற்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கற்களுக்கு அடுத்த வருடம்தான். தராசுக்கு இந்த மார்கழியோடு முடிகிறது, மறந்துவிடாதீர்கள். இந்த முறைக்கான கட்டணத்தை அப்பா ஒரு கவரில் போட்டு மேலே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டியோடு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தராசுக்காரர் மகள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.